துகள் பிடித்தது, விட்டதா? மூலிகைப் பிரித்தெடுப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

துளசிச் சாற்றில் சில்வர் நைட்ரேட் கரைசலை ஊற்றுகிறார்கள். நிறம் பழுப்பாக மாறுகிறது. உடனே ப்ராஜெக்ட் அறிக்கையில் "மூலிகையிலிருந்து நானோ முறையில் மருந்துப் பொருளை எடுத்தோம்" என்று எழுதிவிடுகிறார்கள். வருடா வருடம் இப்படி ஓர் அறிக்கையாவது என் மேசைக்கு வந்துவிடும். அது வேறு வேலை. அங்கே செடியின் சாறுதான் வெள்ளித் துகளைச் செய்கிறது. நான் சொல்ல வருவது இதற்கு நேர் எதிரான வேலை. துகளை முதலில் செய்துகொண்டு, அதன் மேல் செடியின் சத்தை ஒட்டவைத்து, வெளியே இழுத்து, மறுபடி கழற்றி எடுக்க வேண்டும். 2014இல் கென்டக்கி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், மிக நுண்ணிய டைட்டானியம் டை ஆக்சைடு துகள்களைக் கொண்டு அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியிலிருந்து ஃபிளேவனாய்டுகள் என்ற செடிச் சத்துகளைப் பிடித்து எடுத்துக் காட்டினார்கள். செடியை அரைத்துக் கூழாக்காமல் மருந்தை எடுக்க முடியுமா என்ற கேள்விக்கு அது பெரிய நம்பிக்கையைக் கொடுத்தது. எனக்கும்தான்.

ஆனால் அவர்கள் பிடித்ததை வைத்து, எந்தத் துகளும் எந்த மருந்தையும் பிடிக்கும் என்று நினைப்பது முதல் தவறு. டைட்டானியம் டை ஆக்சைடு துகள் பற்றிக்கொள்வதற்கு மூலக்கூறில் ஒரு பிடி வேண்டும். வளையத்தில் அடுத்தடுத்து இரண்டு ஹைட்ராக்சில் (OH) இருந்தால் அது நல்ல பிடி. குவர்செடின் என்ற ஃபிளேவனாய்டில் அது இருக்கிறது. நிலவேம்பின் ஆண்ட்ரோகிராஃபோலைடில் அப்படி ஒரு வளையமே கிடையாது. அதே துகளை நிலவேம்புச் சாற்றில் நாள் முழுக்கக் கலக்கிவிட்டு "விளைச்சல் குறைவு" என்று வருத்தப்படுவதில் பயனில்லை. மஞ்சளின் குர்குமின் வேறு கதை. அதன் நடுவில் இருக்கும் இரண்டு ஆக்சிஜன்கள் இரும்பை இடுக்கிபோலப் பிடிக்கும். அதனால் காந்தத்துக்கு வரும் இரும்பு ஆக்சைடு துகள் அதற்குப் பொருந்தும். துகளை ஆர்டர் செய்வதற்கு முன், நமக்கு வேண்டிய மூலக்கூறின் படத்தைத் தாளில் வரைந்து பார்ப்பது ஐந்து நிமிட வேலை. அதைச் செய்யாமல் ஆறு மாதத்தை இழந்தவர்களை எனக்குத் தெரியும்.

பிடிப்பதைவிடக் கழற்றுவதுதான் கடினம். பெரும்பாலான அறிக்கைகள் பாதியிலேயே நின்றுவிடும். சாற்றின் மஞ்சள் நிறம் வெளிறியது, ஆகவே 90 சதவீதம் எடுத்தாயிற்று என்று முடித்துவிடுவார்கள். சாற்றிலிருந்து போனது துகளில் இருக்கிறது, இன்னும் நம் கைக்கு வரவில்லை. கைக்கு வந்ததைத் தனியாக அளக்க வேண்டும். கழற்றுகிறேன் என்று சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரத்தை ஊற்றுவது இங்கே நடக்கும் பெரிய விபத்து. ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் செக்கச்செவேல் என்று ஆகுமே, குப்பியிலும் அதேதான் நடக்கும். பார்க்க அழகாக இருக்கும், ஆனால் காரத்தில் குர்குமின் நிலைக்காது. காரம்கூட வேண்டாம், பி.எச். 7.2 உள்ள வெறும் பாஸ்பேட் கரைசலில், 37 டிகிரியில், அரை மணி நேரத்துக்குள் சுமார் 90 சதவீதம் சிதைந்துவிடும். சரி, அமிலம் ஊற்றலாம் என்றால் இரும்பு ஆக்சைடு கரைந்து சாற்றோடு கலக்கும். துகளுக்குச் சிலிக்கா பூச்சுப் போட்டால் இரும்பு கரையாது. ஆனால் குர்குமின் பிடித்துக்கொள்ள இருந்த இரும்பும் மறைந்துவிடும், அதற்குப் பதில் பூச்சின் மேல் வேறொரு பிடியைப் பொருத்த வேண்டும். முதலில் எத்தனாலை மட்டும் வைத்துக் கழற்றிப் பார்ப்பது என் வழக்கம். போதவில்லை என்றால் அதில் துளி அசிட்டிக் அமிலம் சேர்ப்பேன்.

அளப்பதிலும் ஏமாறுவோம். ஒருமுறை ஒரு மாணவி, ஃபீனால் வகைப் பொருட்களை நீல நிறம் வைத்து அளக்கும் ஃபோலின் சோதனையை முடித்துவிட்டு ஓடி வந்தாள். இரும்பு ஆக்சைடு துகள் போட்ட சாற்றில் ஃபீனால் அளவு வெறும் சாற்றைவிட மிக அதிகம். குவெட் என்ற அளவீட்டுக் குப்பியில் நல்ல அடர்நீலம். "சாறே இல்லாமல், துகளைக் கழுவிய அமிலத்தை மட்டும் எடுத்து அதே சோதனையைச் செய், பார்ப்போம்" என்றேன். அதுவும் நீலமானது. ஃபெரஸ் இரும்புக்கும் ஃபோலின் கரைசலை நீலமாக்கும் குணம் உண்டு, செடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அவள் முகம் வாடியது இன்னும் நினைவிருக்கிறது, ஆனால் அன்று அந்த பிளாங்க், அதாவது சாறு இல்லாத ஒப்பீட்டுச் சோதனை, போட்டதால்தான் அவளுடைய ஆய்வு தப்பித்தது. மஞ்சளில் 425 நானோமீட்டர் ஒளி எவ்வளவு உறிஞ்சப்படுகிறது என்று அளப்பவர்களுக்கும் இதுபோல ஒன்று சொல்ல வேண்டும். அந்த எண் குர்குமினை மட்டும் காட்டாது, அதன் இரண்டு உறவுக்காரப் பொருட்களையும் சேர்த்தே காட்டும். கலவையிலுள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. கருவி இல்லாமல் "தூய குர்குமின்" என்று எழுதாதீர்கள்.

"0.22 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டிவிட்டோம், துகள் எதுவும் இல்லை." இந்த வரியைப் படித்தால் எனக்குப் பதறும். 0.22 மைக்ரான் என்பது 220 நானோமீட்டர். நம் துகள் 15 நானோமீட்டர். அரிசிச் சல்லடையில் ரவை நிற்குமா? காந்தமும் முழுதாகக் காப்பாற்றாது. திரண்டு நிற்கும் துகள்களை அது சட்டென்று இழுக்கும், தனித்தனியாக மிதப்பவற்றின் மேல் அதன் பிடி மிகவும் தளர்வு. கரைசல் தெளிவாகத் தெரிந்தாலும் கொஞ்சம் எடுத்து உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து, அணு உறிஞ்சல் கருவியில் இரும்பு எவ்வளவு என்று பாருங்கள். மனிதர் குடிக்கப்போகும் மருந்து என்றால் இதில் சலுகையே கூடாது. டைட்டானியம் டை ஆக்சைடை உணவில் சேர்ப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. மூலிகைதானே, ஒன்றும் செய்யாது என்பது செடிக்கு வேண்டுமானால் பொருந்தலாம். அதில் தங்கிவிட்ட துகளுக்குப் பொருந்தாது.

டைட்டானியம் வைத்து வேலை செய்பவர்கள் குப்பியை அலுமினிய ஃபாயிலில் சுற்றுங்கள். புற ஊதா ஒளி பட்டால் அந்தத் துகளே தான் பிடித்த மூலக்கூறை எரித்துவிடும். செடியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கீழாநெல்லி என்ற பெயரில் கடையில் கிடைக்கும் கட்டில் பல ஃபில்லாந்தஸ் (கீழாநெல்லியின் தாவரப் பேரினம்) இனங்கள் கலந்து வருவதுண்டு. ஒரு கிளையையாவது தாவரவியல் துறையில் காட்டி உலர்மாதிரி வைத்துக்கொள்வது நல்லது.

துகளே போடாமல், அதே எத்தனாலில் அதே பொடியை அதே நேரம் குலுக்கி எடுத்த ஒரு குப்பி எப்போதும் பக்கத்தில் இருக்கட்டும். சில நேரம் அதுவே ஜெயிக்கும். ஜெயித்தால் அப்படியே எழுதுங்கள், அடுத்து வரும் மாணவருக்கு ஒரு வருடம் மிச்சம். கடைசியாக, கழுவிய தண்ணீரை ஸிங்கில் ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் சேர்த்து, அடியில் காந்தம் வைத்து இரவு முழுக்க விட்டால் கறுப்புச் சேறு படியும். அதைத் தனிப் புட்டியில் எடுத்து, பெயரும் தேதியும் ஒட்டி, ரசாயனக் கழிவோடு அனுப்புங்கள்.