விசைப்பலகை வாங்கும் முன் வலக்கை ஓரத்தைப் பாருங்கள்

சிங்கப்பூரில் சுவரிலுள்ள மின்செருகி பிரிட்டிஷ் முறையைச் சேர்ந்த மூன்று முனைச் செருகிதான். ஆனால் மேசைமேல் உள்ள விசைப்பலகை பெரும்பாலும் அமெரிக்க முறையைச் சேர்ந்தது. லண்டனில் படித்துத் திரும்பிய என் அக்காள் மகள் அங்கே வாங்கிய மடிக்கணினியை எனக்குத் தந்தபோதுதான் இந்த வேறுபாடு எவ்வளவு பெரியது என்று உணர்ந்தேன். இடக்கைச் சிறுவிரல் ஷிப்ட் விசையைத் தேடிப் போகும்போதெல்லாம், நான் கேட்காத ஒரு சாய்கோடு திரையில் வந்து விழுந்தது.

முதலில் மூன்று செய்திகளைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். விசைகள் எந்த அளவில், எந்த இடத்தில் அமைந்துள்ளன என்பது ஒன்று; அவற்றின்மேல் என்ன அச்சிடப்பட்டுள்ளது என்பது இன்னொன்று; விசையைத் தட்டினால் எந்த எழுத்து வர வேண்டும் என்று கணினியில் அமைத்திருப்பது மூன்றாவது. மூன்றாவதை அமைப்புகளில் நொடியில் மாற்றிவிடலாம். இரண்டாவதற்கு ஒட்டுத்தாள் உண்டு. முதலாவதை, குறிப்பாக மடிக்கணினியில், வாங்கிய பிறகு மாற்ற வழியில்லை.

அந்த முதலாவதில், அதாவது விசைகளின் அளவிலும் இடத்திலும், உலகில் பரவலாக உள்ள அமைப்புகள் மூன்று: அமெரிக்காவின் அன்சி (ANSI), ஐரோப்பாவில் வழங்கும் ஐஎஸ்ஓ (ISO), ஜப்பானின் ஜேஐஎஸ் (JIS). எண் பகுதியுடன் கூடிய முழு அளவுப் பலகையில் இவற்றுக்கு வழக்கமாக முறையே 104, 105, 109 விசைகள் இருக்கும். எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. என்டர் விசையையும் இடப்பக்க ஷிப்ட் விசையையும் பார்த்தாலே போதும். என்டர் ஒரே வரிசையில் படுத்தவாக்கில் நீண்டு, இட ஷிப்டும் நீளமாக இருந்தால் அது அன்சி. என்டர் இரண்டு வரிசைக்கு உயர்ந்து நின்று, இட ஷிப்ட் சுருங்கி, அதற்கும் இசட் எழுத்துக்கும் நடுவே கூடுதலாக ஒரு விசை இருந்தால் அது ஐஎஸ்ஓ. உயர்ந்த என்டரோடு இட ஷிப்ட் நீளமாகவே இருந்து, இடைவெளிப் பட்டை மிகவும் குறுகி, அதன் இருபுறமும் ஜப்பானிய எழுத்து மாற்றத்துக்கான விசைகள் இருந்தால் அது ஜேஐஎஸ்.

அளவைச் சொன்னால் இது இன்னும் தெளிவாகும். ஓர் எழுத்து விசைக்கு ஒதுக்கப்படும் அகலம் 19.05 மில்லிமீட்டர், அதையே ஓர் அலகாகக் கொள்கிறார்கள். அன்சியின் இட ஷிப்ட் 2.25 அலகு, ஐஎஸ்ஓவில் அது 1.25 அலகு. ஒரு முழு விசையின் அகலம் குறைவதால்தான் பழகிய விரல் தடுமாறுகிறது. விசைமூடிகளைத் தனியாக வாங்கி மாற்றுவோரும் இந்த அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். அன்சிக்கான என்டர் மூடி ஐஎஸ்ஓ பலகையில் பொருந்தாது.

இனி நமக்கே உரிய கணக்குக்கு வருகிறேன். பொதுவான வாங்கும் வழிகாட்டிகள் இதைச் சொல்வதில்லை என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். 1999இல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டைத் தொடர்ந்து தமிழ்நாடு அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகை முறையில் உயிர் 12, மெய் வரிசை 18, புள்ளி 1 என 31 விசைகள் தேவை. ஆங்கில எழுத்து விசைகளோ 26 மட்டுமே. மீதி ஐந்தும் வலக்கை ஓரத்து நிறுத்தக்குறி விசைகளில் அமர்ந்துள்ளன: ‘[’ இடத்தில் ச, ‘]’ இடத்தில் ஞ, ‘;’ இடத்தில் ந, ஒற்றை மேற்கோள் இடத்தில் ய, ‘/’ இடத்தில் ழ. ஆங்கிலத்தில் எப்போதோ தொடும் விசைகள் தமிழில் வரிக்கு வரி வேண்டியவை. சிறிய மடிக்கணினிகள் சிலவற்றில் இந்த ஓர விசைகளைத்தான் நெருக்கிச் சுருக்குகிறார்கள். எண்வரிசையே இல்லாத ‘40 விழுக்காடு’ பலகைகளில் இவற்றுள் சில தனி விசையாகவே இரா. தமிழில் எழுதுவோர் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

ஐஎஸ்ஓ பலகையில் இந்த ஐந்தும் அதே இடத்தில் இருப்பதால் தமிழ்99க்கு இடர் இல்லை. ஜப்பானியப் பலகையிலும் இடம் மாறுவதில்லை, அச்சுதான் மாறுகிறது; அங்கே ச வேண்டுமானால் ‘@’ என்று அச்சிட்ட விசையைத் தட்ட வேண்டும். பார்க்காமல் தட்டுபவருக்கு இது பொருட்டன்று, பார்த்துத் தட்டும் மாணவருக்குப் பெருங்குழப்பம்.

பிரிட்டிஷ் பலகையில் ஆங்கிலம் தட்டும்போதுதான் வேறு வகைச் சிக்கல் வரும். அங்கே ‘@’ குறியும் இரட்டை மேற்கோளும் இடம் மாறியிருக்கும். ஷிப்டுடன் 3ஐ அழுத்தினால் பவுண்டுக் குறி வரும். மின்னஞ்சல் முகவரியில் மேற்கோள் விழுந்தாலோ, ‘@’ உள்ள கடவுச்சொல் ஏற்கப்படாவிட்டாலோ, கணினியின் மொழி அமைப்பில் அமெரிக்க ஆங்கிலம் உள்ளதா, பிரிட்டிஷ் ஆங்கிலம் உள்ளதா என்று பார்த்து, அச்சுக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுங்கள்.

சிங்கப்பூரின் மின்னணுக் கடைத்தொகுதியான சிம் லிம் ஸ்குவேர் போன்ற இடங்களில் நேரில் வாங்கினால், பெட்டியைத் திறந்து காட்டச் சொல்லி அந்த ஐந்து விசைகளையும் வலக்கைச் சிறுவிரலால் ஒருமுறை தொட்டுப் பாருங்கள். இணையத்தில் பழைய மடிக்கணினி வாங்குவதாயின், மூடிய நிலையில் எடுத்த படத்தை ஏற்காமல், என்டர் விசையும் இட ஷிப்டும் தெரியும்படி மேலிருந்து எடுத்த படத்தை விற்பவரிடம் கேட்டுப் பெற்ற பிறகே பணம் செலுத்துங்கள்.