மயலோமா ரிப்போர்ட்டுகளைச் சேர்த்துப் படிப்பது எப்படி

வீட்டில் ஒருவருக்கு மல்டிபிள் மயலோமா (எலும்பு மஜ்ஜையிலுள்ள பிளாஸ்மா செல்களில் வரும் புற்றுநோய்) என்று தெரிந்த ஒரு வாரத்திலேயே ஃபைல் தடித்துவிடும். நோய் எப்படிப் போகும் என்று கணிக்க உதவுவது அதில் நாலைந்து தாள்கள்தான். முதல் மருந்து ஏறுவதற்கு முன்னால் எடுத்த தாள்களை மட்டும் தனியே வையுங்கள், ஏனென்றால் நோயின் நிலையை அவற்றை வைத்துத்தான் கணக்கிடுவார்கள்.

முதலில் இரத்தத்தில் உள்ள இரண்டு புரதங்கள். பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் லிட்டருக்கு 3.5 மில்லிகிராமுக்குக் கீழேயும் ஆல்புமின் டெசிலிட்டருக்கு 3.5 கிராமுக்குக் குறையாமலும் இருந்தால் ஐஎஸ்எஸ் (நோயின் நிலையைக் கணக்கிடும் சர்வதேச முறை) முதல் நிலை. பீட்டா-2 மட்டும் 5.5-ஐத் தொட்டாலே மூன்றாம் நிலை, மற்றதெல்லாம் இரண்டு. ஆனால் பீட்டா-2-ஐச் சிறுநீரகம்தான் வெளியேற்றுகிறது, அதனால் கிட்னி பழுதானாலும் இந்த எண் ஏறும். கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் அளவையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.

அடுத்தது எல்டிஹெச், செல்கள் சேதமானால் ரத்தத்தில் ஏறும் ஒரு நொதி; இது ஏறியிருப்பது கவலைக்குரியது. ரத்தம் எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்துபோனாலே இது பொய்யாக ஏறும். ரிப்போர்ட்டில் சாம்பிள் ஹீமோலைஸ்டு என்று இருந்தால் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம்.

எல்லாவற்றையும்விட நான் வற்புறுத்திச் சொல்வது ஃபிஷ் டெஸ்ட், அதாவது நோய் செல்களின் குரோமோசோம் மாற்றங்களைத் தேடும் பரிசோதனை. எலும்பு மஜ்ஜை எடுக்கும் நாளுக்கு முன்பே டாக்டரிடம், "ஃபிஷ்ஷுக்கும் சேர்த்து அனுப்புகிறீர்களா? பிளாஸ்மா செல்களைப் பிரித்தெடுத்துப் பார்ப்பார்களா?" என்று கேட்டுவிடுங்கள், ஏனென்றால் சிகிச்சை தொடங்கி அந்த செல்கள் குறைந்த பிறகு தேடினால் சரியாகக் கிடைக்காமல் போகலாம், வலியோடு மறுபடி ஊசி குத்தியதுதான் மிச்சமாகும். 17ஆம் குரோமோசோமின் குட்டைக் கை இழப்பு, 4-க்கும் 14-க்கும் இடையிலோ 14-க்கும் 16-க்கும் இடையிலோ துண்டு இடம் மாறுவது, இந்த மூன்றைத்தான் முதலில் தேட வேண்டும்.

சரி, இப்போது சேர்த்துப் பாருங்கள். 2015-ல் வந்த திருத்திய ஐஎஸ்எஸ் முறைப்படி, ஐஎஸ்எஸ் முதல் நிலையோடு எல்டிஹெச்சும் ஃபிஷ்ஷும் இயல்பாக இருந்தால் ஒன்றாம் நிலை. ஐஎஸ்எஸ் மூன்றோடு அந்த இரண்டில் ஒன்று மோசமானாலும் மூன்று. மீதி எல்லாரும் இரண்டு. ஐந்து ஆண்டு தாண்டி உயிரோடிருந்தவர்கள் ஒன்று, இரண்டு, மூன்றாம் நிலைகளில் முறையே 82, 62, 40 சதவீதம். இது 3,060 பேரின் கணக்கு, அப்போதைய மருந்துகளோடு. அதற்குப் பிறகு டாராடுமுமாப் போன்ற புதிய மருந்துகள் முதல் சிகிச்சைக்கே வந்துவிட்டன. உங்கள் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இத்தனை வருடம் என்று அந்த எண் சொல்வதில்லை.

அப்புறம் பெட்-சிடி, நோய் சுறுசுறுப்பாக உள்ள இடங்களை ஒளிரக் காட்டும் ஸ்கேன். இதில் மூன்றுக்கு மேற்பட்ட புள்ளிகள் ஒளிர்கிறதா, எலும்புக்கு வெளியே கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுமே கவலைக்குரியவை, எலும்புக்கு வெளியே இருப்பது இன்னும் அதிகமாக. முந்தைய நாட்களில் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு கொடுத்திருந்தால் ஒளிர்வு மங்கித் தெரியலாம், ஸ்கேன் எடுப்பவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். சிலருக்கு நோய் இருந்தும் பெட் ஸ்கேனில் ஒளிராது, அப்போது முழு உடல் எம்ஆர்ஐ கைகொடுக்கும்.

சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் பெட் வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறது. முன்பு ஒளிர்ந்த இடங்கள் அணைந்திருந்தால் நல்ல அறிகுறி, மஜ்ஜையில் லட்சம் செல்லுக்கு ஒரு நோய் செல்கூட எஞ்சவில்லை என்று, எஞ்சிய நோயைத் தேடும் எம்ஆர்டி பரிசோதனையும் சொன்னால் இன்னும் நல்லது. இரண்டு ஸ்கேனின் குறுந்தகட்டையும் பத்திரமாக வைத்திருந்து, ஒரே ரேடியாலஜிஸ்ட் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்படி கேளுங்கள்.