மலையிலிருந்து சென்னைக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு: மின்சார ரயிலைச் சமாளிப்பது எப்படி?

கோத்தகிரிப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் மேட்டுப்பாளையத்தில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்கு வேலைக்குப் போகிறார்கள். நான் கூடுவாஞ்சேரியில் தங்கிக் கிண்டித் தொழிற்பேட்டையில் வேலை பார்த்தவள். மின்சார ரயிலைப் பற்றிக் கேட்பவர்களிடம் முதலில் படிக்கட்டைப் பற்றித்தான் பேசுவேன்.

நம் மலை பஸ்ஸில் தொங்கினால் கண்டக்டர் விசில் அடித்து உள்ளே ஏற்றுவார். சாதாரண மின்சார ரயிலில் கதவும் மூடாது, அதட்ட ஆளும் இல்லை. 2018 ஜூலையில் பரங்கிமலையில் வாசலில் தொங்கியவர்கள் தடுப்புச் சுவரில் மோதி இறந்தார்கள். மின்கம்பிக் கோளாறால் அன்று அந்த வண்டியை எக்ஸ்பிரஸ் பாதையில் விட்டிருந்தார்கள். அங்கே சுவர் எவ்வளவு நெருக்கம் என்பது தினமும் தொங்கிப் பழகியவருக்கும் தெரிந்திருக்காது.

சரி, உள்ளே இடம் பிடிப்பது எப்படி? செங்கல்பட்டிலிருந்து வரும் வண்டி கூடுவாஞ்சேரிக்கு வரும்போதே பிதுங்கும். தாம்பரத்தில் இறங்கி, அங்கிருந்தே கிளம்பும் வண்டியில் ஏறுங்கள். கொஞ்சம் நேரம் பிடிக்கும், ஆனால் உள்ளே நிற்கலாம். மாலையில் கிண்டியில் இந்த வித்தை பலிக்காது. ஒரு வண்டியை விட்டுவிட வேண்டியதுதான்.

டிக்கெட்டோ சீசனோ எப்போதும் கையில் இருக்கட்டும். ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்து இறந்தால், ரயில்வே சட்டம் 124ஏ பிரிவின்படி குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய் இழப்பீடு உண்டு. ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் மனு போட வேண்டும். உடலில் டிக்கெட் கிடைக்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆனாலும் டிக்கெட் இருந்தால் வீட்டாருக்கு அலைச்சல் குறையும். குறைந்த கட்டணம் 5 ரூபாய்தான், அதில் என்ன மிச்சம் பிடிப்பது?

அப்புறம், கூட்டத்தைப் பற்றிப் புலம்புவதோடு நிற்காமல் பணத்தைப் பற்றிக் கேளுங்கள். 2017 முதல் ரயில்வேக்குத் தனி பட்ஜெட் கிடையாது. எல்லாம் மத்திய பட்ஜெட்டுக்குள் போய்விட்டது. எந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள் என்பதை மண்டல வாரியாக 'பிங்க் புக்'கில் போடுவார்கள். அதில் தெற்கு ரயில்வேயைப் பாருங்கள். மாநில அரசுக்குப் பங்கில்லை என்று நினைக்காதீர்கள். மயிலாப்பூர்–வேளச்சேரி பறக்கும் ரயில் செலவில் மூன்றில் இரண்டு பங்கு தமிழக அரசு கொடுத்தது. எனவே எம்.பி.க்கு எழுதும் மனுவின் நகலை எம்.எல்.ஏ.வுக்கும் அனுப்புங்கள்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கும்போது "ஏன் இவ்வளவு கூட்டம்?" என்று எழுதினால் உருப்படியான பதில் வராது. ஆவணத்தில் இருப்பதைத்தான் தருவார்கள். "தாம்பரம்–கடற்கரை இடையே காலை 7 முதல் 10 வரை போன மாதம் ரத்தான வண்டிகள் எத்தனை? இந்த நிலைய நடைமேம்பாலத்துக்கு ஒதுக்கிய தொகை எவ்வளவு, செலவானது எவ்வளவு?" என்று கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

இந்த மனுவை எங்கே அனுப்புவது? சென்னை மின்சார ரயில் என்றால் தெற்கு ரயில்வேயின் சென்னைக் கோட்டம். நம் மேட்டுப்பாளையம்–கோவை ரயில் என்றால் சேலம் கோட்டம். தபாலில் தமிழிலேயே எழுதலாம், கட்டணத்துக்கு 10 ரூபாய் போஸ்டல் ஆர்டர் வைத்தால் போதும்.