மிஞ்சின மளிகையைத் தேதி முடியும் முன்பே கொடுப்பது எப்படி

தீபாவளிக்கு ஆபீஸில் கொடுத்த கிஃப்ட் பாக்ஸ், ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம் என்று அள்ளிக்கொண்டு வந்த சேமியா, ஊரிலிருந்து மாமியார் பையோடு அனுப்பிய உளுந்து, டாக்டர் சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன பிறகு யாரும் தொடாத ஹார்லிக்ஸ் என்று எந்த வீட்டு அலமாரியின் பின்வரிசையிலும் ஒரு கூட்டம் உட்கார்ந்திருக்கும். யாருக்காவது கொடுத்துவிடலாமே என்ற எண்ணம் எல்லோருக்கும் வரத்தான் செய்கிறது. ஆனால் அது வருவது பெரும்பாலும் தேதி முடிய நாலு நாள் பாக்கி இருக்கும்போதுதான். அந்த நேரத்தில் கொடுப்பது நம் வீட்டுக் குப்பையை இன்னொருவர் வாசலில் கொட்டுகிற கதை.

பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதிதான் நமக்குக் கெடு என்று நினைத்துக்கொள்கிறோம். பிள்ளைகள் இல்லத்துக்கோ முதியோர் இல்லத்துக்கோ போன பொருள் அன்றைக்கே அடுப்பில் ஏறிவிடாது. அங்கே ஸ்டோர் ரூமில் போன வாரம் வேறு யாரோ கொடுத்த ரவை மூட்டை இருக்கும், அது தீர்ந்து அப்புறம் உப்புமா நாள் வந்து அதற்கப்புறம்தான் உங்கள் ரவைக்கு முறை வரும். அதனால் அவர்கள் சமைக்கப்போகிற நாளை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். என் கணக்கு இது: அரிசி, பருப்பு, ரவை, மாவு வகைகளுக்குக் குறைந்தது இரண்டு மாதம் பாக்கி இருக்க வேண்டும், எண்ணெய்க்கும் நெய்க்கும் மூன்று மாதம், பிஸ்கட்டுக்கு ஒரு மாதம் போதும், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் அது ஒரே சாயங்காலத்தில் காலியாகிவிடும். அதற்குக் கீழே போய்விட்டதா, சரி, வீட்டிலேயே சமைத்துத் தீர்த்துவிடுங்கள், அல்லது இன்றைக்கே அதைச் செய்து சாப்பிடக்கூடிய பக்கத்து வீட்டுக்காரரிடம் தேதியைச் சொல்லிக் கொடுங்கள்.

தேதியைப் படிப்பதிலும் குழப்பம் உண்டு. உணவுப் பாதுகாப்பு ஆணையம், அதாவது எஃப்எஸ்எஸ்ஏஐ, 2020ல் கொண்டுவந்த லேபிள் விதிப்படி ‘எக்ஸ்பயரி’ அல்லது ‘யூஸ் பை’ தேதி கட்டாயம், ‘பெஸ்ட் பிஃபோர்’ வேண்டுமானால் கூடவே போட்டுக்கொள்ளலாம். பெஸ்ட் பிஃபோர் தாண்டினால் ருசியும் மணமும் குறையும், பொருள் கெட்டுப்போனது என்று அர்த்தமில்லை. எக்ஸ்பயரி தாண்டினால் பேச்சே கிடையாது. நம் வீட்டில் பெஸ்ட் பிஃபோர் தாண்டின கடலைப்பருப்பை வறுத்துப் பொடி செய்து சாப்பிடுவது நம் இஷ்டம், கொடுக்கும்போது மட்டும் இரண்டு தேதியில் எது முந்தி வருகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். வாங்குகிற வார்டன் அக்கா அந்தத் தேதியைப் பார்த்து முகம் சுளிக்கக்கூட முடியாது, கொடுக்கிறவரிடம் வேண்டாம் என்று சொல்ல அவர்களுக்கு வாய் வராது.

இதெல்லாம் நடக்க வேண்டுமென்றால் பின்வரிசை கண்ணில் பட வேண்டும். அதற்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்கினால் ஒருபோதும் நடக்காது, மாதாமாதம் மளிகை லிஸ்ட் எழுதுகிறோமே, அன்றைக்கே பின்னால் இருப்பதை முன்னால் இழுத்துவிடுங்கள். இரண்டு மாதமாகத் தொடாமல் நகர்ந்து நகர்ந்து வருகிற பாக்கெட் எதுவோ அதுதான் கொடுக்க வேண்டியது, அதைப் பிரிக்காமல் தனிப் பையில் போடுங்கள். பிரித்து டப்பாவில் கொட்டினால் தேதியும் போய்விடுகிறது, கொடுக்கிற தகுதியும் போய்விடுகிறது. (வீட்டு உபயோகத்துக்குக் கொட்டும்போது கவரில் தேதி இருக்கும் துண்டை மட்டும் கத்தரித்து டப்பா மூடியில் செலோடேப் போட்டு ஒட்டிவிடுங்கள், பிறகு எது பழசு என்ற பஞ்சாயத்தே வராது.)

பையில் போடும் முன் ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், இதில்தான் கொஞ்சம் நேரம் போகும். ரவை பாக்கெட்டை டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து மெதுவாகச் சாய்த்துப் பாருங்கள். மணி மணியாக ஓடினால் நல்லது. மூலையில் நாலைந்து மணி சேர்ந்து நூல் கட்டினாற்போல் தொங்கினால் உள்ளே புழு வைத்துவிட்டது, தேதி இன்னும் ஆறு மாதம் இருந்தாலும் கொடுக்கக் கூடாது. கோதுமை மாவு, மைதா, கடலை மாவு எல்லாவற்றுக்கும் இதே சோதனைதான். அரிசி வேறு கதை. மூட்டை அரிசியில் நாலு வண்டு ஓடுவது எந்த ஊரிலும் நடப்பதுதான், நிழலில் பரப்பிவைத்துப் புடைத்தால் சரியாகிவிடும், சுள்ளென்ற வெயிலில் போட்டால் அரிசி வெடித்து நொய்யாகும். ஆனால் புடைக்கிற வேலையை நீங்கள் முடித்துவிட்டுக் கொடுங்கள், அங்கே சமையல்கார அம்மா ஒருத்தர் நாற்பது பேருக்குச் சமைத்துக்கொண்டிருப்பார். எண்ணெய் பாட்டில் மூடியில் கசிந்து பிசுபிசுவென்று இருந்தால் முகர்ந்து பாருங்கள், சிக்கு வாடை அடித்தால் வேண்டாம். ரசகுல்லா, குலாப் ஜாமூன் டின் எதுவும் உப்பியிருந்தால் திறந்துகூடப் பார்க்காமல் தூக்கிப்போடுங்கள், அது விஷமாகியிருக்கலாம்.

பிரித்த பாக்கெட், வீட்டில் போட்ட ஊறுகாய், மிஷினில் அரைத்த மிளகாய்ப்பொடி இவற்றையும் விட்டுவிடுங்கள். உங்கள் கைப்பக்குவம் ஊரே மெச்சுவதாக இருக்கலாம், அதில் தேதியும் இல்லை, என்ன சேர்ந்திருக்கிறது என்ற விவரமும் இல்லை. கடையில் வாங்கிய ஸ்வீட் பாக்ஸ் வந்த அன்றோ மறுநாளோ போய்ச் சேர்ந்தால் சரி. பெட்டியில்லாமல் தட்டில் வைத்து விற்கிற இனிப்புக்கும் கடைக்காரர் பெஸ்ட் பிஃபோர் தேதி எழுதிவைக்க வேண்டும் என்பது 2020 அக்டோபர் 1 முதல் விதி, வாங்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், பால் இனிப்புக்கு அந்த ஆயுள் ரொம்பவே கம்மி.

குழந்தைகளுக்கான பால் பவுடர் டின் மிஞ்சினால் கொஞ்சம் ஜாக்கிரதை. தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுக்கும் பால் பவுடர், பால் புட்டி, கைக்குழந்தை உணவு இவற்றைத் தனி ஆட்களுக்கு இலவசமாக விநியோகிக்க 1992ல் வந்த சட்டம் தடை போட்டிருக்கிறது, ஆதரவற்ற குழந்தைகள் இல்லத்துக்கு மட்டும் விலக்கு. அதனால் பிரிக்காத டின்னாக இருந்தால், கைக்குழந்தைகள் இருக்கும் இல்லமாகப் பார்த்துக் கேட்டுக் கொடுங்கள்.

சரி, யாரிடம் கொடுப்பது? உணவு வங்கி என்ற பெயரில் வெளிநாட்டில் இருப்பது போல, பாக்கெட் பொருளை வாங்கி அடுக்கி வீடு வீடாகப் பிரித்துக் கொடுக்கிற இடம் நம் ஊரில் அபூர்வம். 2014ல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ மாதிரி அமைப்புகள் முக்கியமாகக் கல்யாண மண்டபத்திலும் விசேஷத்திலும் மிஞ்சுகிற சமைத்த சாப்பாட்டை எடுத்துப் போவதற்கானவை. சென்னை பெசன்ட் நகரில் 2017ல் வைத்த ‘ஐயமிட்டு உண்’ என்ற பொது ஃப்ரிட்ஜும் உடனே சாப்பிடக்கூடியதற்குத்தான் தோது. மளிகைச் சாமானுக்கு நேரடி வழி, தினமும் அடுப்பு எரிகிற இடம்: பிள்ளைகள் இல்லம், முதியோர் இல்லம், அன்னதானம் நடக்கும் மடமும் கோவிலும், குருத்வாராவின் லங்கர், ரம்ஜான் மாதத்தில் நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற பள்ளிவாசல். கடைசியாகச் சொன்னதற்குப் பச்சரிசியும் பாசிப்பருப்பும் கைமேல் செலவாகும். கடலூர், நெய்வேலிப் பக்கம் இருப்பவர்களுக்கு வடலூர் இருக்கிறது. 1867 மே 23ல் வள்ளலார் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றைக்கும் அணையாமல் எரிகிறது. உலகின் முதல் உணவு வங்கி என்று சொல்லப்படுகிற அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரத்து செயின்ட் மேரிஸ் 1967ல்தான் வந்தது, சரியாக நூறு வருஷம் பிந்தி. வடலூர் வரை போக முடியாதவர்கள் உள்ளூரில் சன்மார்க்க சங்கம் கஞ்சி ஊற்றுகிறதா என்று விசாரியுங்கள், பல ஊர்களில் உண்டு. அங்கெல்லாம் சைவம் மட்டும்தான், சூப் பாக்கெட்டோ நூடுல்ஸோ கொடுப்பதானால் பச்சைப் புள்ளி இருக்கிறதா என்று திருப்பிப் பாருங்கள்.

போகும் முன் போன் போடுங்கள். ‘ஏதாவது வேணுமா’ என்று பொத்தாம்பொதுவாகக் கேட்டால் ‘எதுவானாலும் சந்தோஷம்’ என்றுதான் பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இப்படிக் கேளுங்கள்: ‘வணக்கம்மா, எங்ககிட்ட பிரிக்காத துவரம்பருப்பு அஞ்சு கிலோ, சேமியா பத்து பாக்கெட் இருக்கு, மார்ச் வரைக்கும் தேதி இருக்கு. உங்களுக்கு உபயோகப்படுமா? இல்லேன்னாலும் தயங்காம சொல்லுங்க, வேற இடத்துல கொடுத்துடுவேன்.’ அந்தக் கடைசி வாக்கியம் முக்கியம், அதைக் கேட்ட பிறகுதான் பல பேர் உண்மையைச் சொல்கிறார்கள். முதியோர் இல்லத்தில் பாதிப் பேருக்குச் சர்க்கரை இருக்கும், க்ரீம் பிஸ்கட்டைவிட ஓட்ஸும் கோதுமை ரவையும் அவர்களுக்குத் தேவலை என்பது இப்படிக் கேட்டால்தான் தெரியவரும்.

அளவும் யோசிக்க வேண்டிய விஷயம். இருநூறு கிராம் சேமியா ஒரு பாக்கெட்டை வைத்து நாற்பது பேருக்கு ஒரு வேளைப் பாயசம்கூட வைக்க முடியாது, அது ஸ்டோரிலேயே கிடந்து தேதி முடிந்துபோகும். உங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் ‘இந்த ஞாயிற்றுக்கிழமை ரவையும் சேமியாவும் மட்டும்’ என்று ஒரே வகையைச் சொல்லிக் கேளுங்கள். எது இருந்தாலும் கொடுங்கள் என்று போட்டால் பழைய சட்டை, பாதி காலியான கெட்ச்அப் எல்லாம் வாட்ச்மேன் ரூமில் வந்து குவியும். சேர்ந்ததைத் தேதி வாரியாக அடுக்கி, முதலில் முடிகிறதை மேலே வைத்து, அட்டைப்பெட்டி வெளியே பெரிய எழுத்தில் மாதத்தை எழுதிவிடுங்கள். பினாயிலும் சோப்பும் கொடுத்தால் வேறு பெட்டியில், அரிசியில் சோப்பு வாசம் ஏறினால் கழுவினாலும் போகாது.

எப்போது கொடுப்பது என்று கேட்டால், தீபாவளி, பொங்கல், ஆகஸ்ட் 15, தலைவர்கள் பிறந்தநாள் இவற்றை விட்டுவிடுங்கள் என்பேன். அன்றைக்கெல்லாம் இல்லங்களில் பிரியாணியும் ஸ்வீட்டும் வரிசையில் நிற்கும். ஜூனில் பள்ளி திறந்து செலவு நெருக்குகிற நேரம், ஐப்பசி கார்த்திகை மழை, இந்தச் சமயங்களில் போன ஐந்து கிலோ பருப்புக்கு மதிப்பே வேறு. நேரம் காலை பத்தரை பதினொன்று. மதியச் சாப்பாட்டு நேரத்தில் போய் நின்றால் பரிமாறுகிறவர்கள் கரண்டியை வைத்துவிட்டு உங்களைக் கவனிக்க வேண்டிவரும்.

பெட்டியை இறக்கிவிட்டுப் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து போட்டோ எடுக்காதீர்கள். இல்லத்தில் இருக்கிற பிள்ளைகளின் முகத்தையோ பெயரையோ வெளியிடுவது 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவுப்படி குற்றம், ஸ்டேட்டஸ் போடுவதும் அதில் அடக்கம். குரூப்பில் காட்ட வேண்டுமென்றால் பெட்டியை போட்டோ எடுங்கள். ரெஜிஸ்டரில் என்ன பொருள், எவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வாருங்கள், அங்கே ஆய்வு வரும்போது அவர்களுக்கு அது தேவைப்படும். வருமான வரிச் சலுகைக்கான ரசீது (80ஜி என்பார்கள்) கேட்டு நிற்க வேண்டாம், பொருளாகக் கொடுப்பதற்கு அந்த வரிச்சலுகை கிடையாது, பணமாகக் கொடுத்தால்தான்.