சந்தைக்குப் போகும் சைக்கிளுக்கு ஒரு பை

மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு ஞாயிறுதோறும் சைக்கிளில்தான் போகிறேன். முன்பெல்லாம் ஹேண்டில்பாரில் மஞ்சப்பையை மாட்டிக்கொள்வேன். ஒருநாள் பூசணிக்காய் கனத்தில் பை ஆடி முன்சக்கரத்தில் சிக்கியது. தக்காளி அத்தனையும் ரோட்டில். அப்புறம்தான் கேரியரின் பக்கவாட்டில் தொங்கும் பை வாங்கினேன்.

வாங்கும்போது சைக்கிளையும் கடைக்குக் கொண்டுபோங்கள். பையை மாட்டி, ஏறி உட்கார்ந்து பெடலைச் சுற்றிப் பாருங்கள். குதிகால் இடிக்கிறதா? பையைப் பின்னால் தள்ளி மாட்ட முடிந்தால் சரி, முடியாவிட்டால் அந்தப் பை வேண்டாம்.

பை ஒரு பக்கத்துக்கு 20 லிட்டர் கொள்ளளவு இருந்தால் போதும். வெங்காயம், உருளை, கீரைக்கட்டு, இரண்டு தேங்காய் எல்லாம் அடங்கும். சக்கரத்தை ஒட்டிய பக்கம் விறைப்பான அட்டை இல்லையென்றால் பை உள்ளே வளைந்து கம்பியில் உரசும். மேலே கொக்கி இருந்தால் மட்டும் போதாது, கீழேயும் பிடிப்பு வேண்டும். நம் ஊர்ப் பள்ளங்களில் துள்ளிக் கழன்றுவிடும். ஜிப் வைத்தது எனக்குப் பிடிக்காது. முருங்கைக்காய் எப்படியும் வெளியே நீட்டத்தான் செய்யும்.

கேரியரில் பொறித்திருக்கும் எடையைப் பாருங்கள். பலவற்றுக்கு 25 கிலோதான் எல்லை. கனமானதை அடியில், இரு பக்கமும் சமமாக வையுங்கள். தக்காளி மேலே. முட்டையை மட்டும் நான் இன்னும் தோள்பையில்தான் கொண்டுவருகிறேன்.