டாக்கில் மாட்டியும் மானிட்டர் வரவில்லையா? டிரைவரைத் தொடும் முன் பார்க்க வேண்டியவை

எங்கள் அலுவலகத்தில் நாற்பது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு லேப்டாப், ஒரு டாக், இரண்டு மானிட்டர். டாக் என்பது லேப்டாப்பில் ஒரே கேபிளால் மாட்டி, மானிட்டர், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாவற்றையும் இணைத்துக்கொள்ளும் பெட்டி. அவற்றை அமைத்துக் கொடுப்பதும் பராமரிப்பதும் என் வேலை. ஆறு வருடமாக ஒரு நோட்டில் ஒவ்வொரு பழுதையும் எழுதி வைக்கிறேன்: எந்த மேசை, என்ன ஆனது, எதை மாற்றியதும் சரியானது. ‘டிரைவர் பிரச்சினை’ (டிரைவர் என்பது ஒரு சாதனத்தைக் கணினி இயக்க உதவும் மென்பொருள்) என்று சொல்லி என்னிடம் வந்தவற்றில் பாதிக்கு மேல், கேபிளையோ பவரையோ போர்ட்டையோ சரிசெய்ததும் தீர்ந்துவிட்டன என்று அந்த நோட்டைப் புரட்டினால் தெரியும். அதனால் டிரைவரை நீக்கி மறுபடி போடுவது என் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

முதல் வேலை, கையில் இருப்பது எந்த வகை டாக் என்று கண்டுபிடிப்பது. யூஎஸ்பி-சி என்பது செருகும் முனையின் வடிவத்துக்குப் பெயர், அவ்வளவுதான். அதன் வழியாக என்ன ஓடுகிறது என்பதைப் பொறுத்து டாக்குகள் மூன்று வகை.

முதல் வகையில் டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற முறையில் படம் போகிறது. லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சிப் உருவாக்கும் படம் அப்படியே கேபிளின் கம்பிகளில் ஏறி மானிட்டருக்கு வந்துவிடும். படத்துக்கென்று டாக்குக்குத் தனி டிரைவர் கிடையாது. இரண்டாவது, தண்டர்போல்ட் அல்லது யூஎஸ்பி4. நொடிக்கு 40 ஜிகாபிட் வரையும், புதிய தலைமுறைகளில் அதற்கு மேலும் போகும் அகலமான பாதை இது. இதிலும் படம் கிராஃபிக்ஸ் சிப்பிலிருந்தே வருகிறது, ஆனால் சில லேப்டாப்புகளில் டாக்கை முதல்முறை மாட்டும்போது அனுமதி கொடுக்க வேண்டும். மூன்றாவது, டிஸ்ப்ளேலிங்க். இதில் லேப்டாப்பின் ப்ராசசர் படத்தைச் சுருக்கிச் சாதாரண யூஎஸ்பி டேட்டாவாக அனுப்புகிறது. டாக்கில் உள்ள சிப் அதை விரித்து மானிட்டருக்குக் கொடுக்கிறது. டிரைவர் இல்லாமல் படம் வரவே வராது. பழைய, அகலமான யூஎஸ்பி-ஏ போர்ட்டில் மாட்டினாலும் படம் வருவது இந்த வகையில்தான்.

டாக்கின் அடியில் மாடல் எண் இருக்கும். தயாரிப்பாளரின் ஆதரவுப் பக்கத்தில் அதைப் போட்டுப் பாருங்கள். டவுன்லோட் பட்டியலில் டிஸ்ப்ளேலிங்க் டிரைவர் இருந்தால் மூன்றாவது வகை. முனையில் மின்னல் குறி இருந்தால் தண்டர்போல்ட். மவுஸ், கீபோர்டு, நெட்வொர்க் எல்லாம் டாக் வழியாக ஓடி, மானிட்டர் மட்டும் இருட்டாக இருந்தால் முதலில் டிஸ்ப்ளேலிங்க்கைச் சந்தேகப்படுங்கள்.

சரி, அடுத்து போர்ட். லேப்டாப்பில் இரண்டு யூஎஸ்பி-சி துளைகள் இருந்தால் இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்துவிடாதீர்கள். ஒன்று படத்தையும் சுமக்கும், இன்னொன்று டேட்டாவோடு நின்றுவிடும் என்கிற லேப்டாப்புகள் நிறைய உண்டு. கணக்குப் பிரிவில் ஓர் அண்ணன் மூன்று நாள் ஒரே மானிட்டரில் வேலை பார்த்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், டாக்கைப் பக்கத்துத் துளையில் மாட்டியிருந்தார். மின்னல் குறியோ, டிஸ்ப்ளேபோர்ட்டைக் குறிக்கும் ‘டி’ வடிவச் சின்னமோ இருக்கும் துளைதான் வேண்டும். குறியே இல்லையென்றால் லேப்டாப்பின் கையேட்டைப் பாருங்கள்.

கேபிள் விஷயத்தில் நான் கண்டிப்பாக இருப்பேன். போனோடு வந்த சார்ஜிங் கேபிள் பார்ப்பதற்கு அதே மாதிரிதான் இருக்கும். ஆனால் பெரும்பாலும் யூஎஸ்பி 2.0 வேகத்துக்கான கம்பிகளே அதற்குள் இருக்கும், படம் போக வழியே இருக்காது. பவரிலும் வித்தியாசம் உண்டு: சாதாரண யூஎஸ்பி-சி கேபிள் 3 ஆம்பியர், அதாவது 60 வாட் வரை தாங்கும். அதற்கு மேல் 100 வாட் வரை போக, கேபிளுக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருந்தாக வேண்டும். தண்டர்போல்ட்டில் நீளமும் முக்கியம். சாதாரண பாஸிவ் கேபிள் 80 சென்டிமீட்டரைத் தாண்டினால் முழு 40 ஜிகாபிட்டை எதிர்பார்க்க முடியாது, நீளமாக வேண்டுமென்றால், சிக்னலை வலுப்படுத்தும் சிப் உள்ள ஆக்டிவ் கேபிள் வாங்க வேண்டும். டாக்கோடு வந்த கேபிளில் நான் சிவப்பு டேப் ஒட்டி, மேசை எண்ணையும் எழுதிவிடுவேன். கேபிள்கள் மாறிப்போவது அதன்பிறகு வெகுவாகக் குறைந்துவிட்டது.

பவர் கணக்கையும் போட்டுப் பாருங்கள். டாக் தன் தேவைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் லேப்டாப்புக்குத் தரும். 100 வாட் அடாப்டரை மாட்டும் சிறிய டாக்குகளில் லேப்டாப்புக்கு 85 வாட் மாதிரி வருவது சகஜம். மாட்டியிருக்கும்போதே பேட்டரி மெல்ல இறங்குகிறது, ‘ஸ்லோ சார்ஜர்’ என்று எச்சரிக்கை வருகிறது, எக்ஸ்டெர்னல் டிஸ்க் திடீரென்று காணாமல் போகிறது என்றால் இந்த இடத்தைப் பாருங்கள். 130 வாட்டுக்கு மேல் கேட்கும் கனமான லேப்டாப்புகளுக்கு அவற்றின் சொந்த சார்ஜரையும் சேர்த்து மாட்டிவிடுவதே நல்லது. 2021-இல் வந்த பவர் டெலிவரி 3.1 விதி 240 வாட் வரை அனுமதிக்கிறது, ஆனால் டாக், கேபிள், லேப்டாப் மூன்றும் அதை ஏற்பவையாக இருக்க வேண்டும்.

இத்தனையும் சரியாக இருந்தும் படம் வரவில்லையென்றால் ஒருமுறை எல்லாவற்றையும் வெறுமையாக்குங்கள். லேப்டாப்பை நிறுத்தி, டாக்கிலிருந்து எல்லா கேபிளையும் கழற்றி, டாக்கின் அடாப்டரைச் சுவரிலிருந்து பிடுங்கி, அரை நிமிடம் விடுங்கள். லேப்டாப்பின் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். பிறகு டாக்குக்கு முதலில் மின்சாரம், அப்புறம் மானிட்டர்கள், கடைசியில் லேப்டாப் என்ற வரிசையில் மாட்டுங்கள். டாக்கின் சிப் பழைய நிலையிலேயே சிக்கிக்கொண்டிருந்தால் இதில் தெளிந்துவிடும்.

இப்போது டிரைவருக்கு வரலாம். இதிலும் எனக்கு ஒரு வரிசை உண்டு. முதலில் லேப்டாப் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து பயாஸ் (லேப்டாப்பைப் போட்டதும் முதலில் ஓடும் மென்பொருள்), அடுத்து சிப்செட் (மதர்போர்டு சிப்களுக்கான டிரைவர்), பிறகு தண்டர்போல்ட், கடைசியில் கிராஃபிக்ஸ். பயாஸை முன்னால் வைப்பதற்குக் காரணம், பல லேப்டாப்புகளில் யூஎஸ்பி-சி போர்ட் தொடர்பான திருத்தங்கள் அதோடுதான் வருகின்றன. அதன் பிறகு டாக்கின் ஃபர்ம்வேர், அதாவது டாக்குக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள். இது ஓடும்போது மானிட்டர்கள் அணைந்து எரியும், நெட்வொர்க் துண்டிக்கப்படும். பயந்துபோய்க் கேபிளைப் பிடுங்கிவிடாதீர்கள், பாதியில் நின்ற ஃபர்ம்வேர் டாக்கையே செயலிழக்கச் செய்துவிடக்கூடும். லேப்டாப் சார்ஜில் இருக்கட்டும், வேறு எந்த வேலையும் அப்போது வேண்டாம்.

டிஸ்ப்ளேலிங்க் டாக் என்றால் முதலில் டாக்கைக் கழற்றிவிடுங்கள். பழைய டிரைவரை நீக்குங்கள். அடுத்து விண்டோஸை ‘ரீஸ்டார்ட்’ செய்யுங்கள். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி போடுவது இதற்குப் பதிலாகாது: ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில் ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸின் உட்பகுதி டிஸ்கில் சேமிக்கப்பட்டு அப்படியே திரும்பி வரும், டிரைவரின் பழைய நிலையும் கூடவே வரும். ரீஸ்டார்ட்தான் உண்மையில் புதிதாகத் தொடங்கும். அதன்பின் புது டிரைவரைப் போட்டு, இன்னொரு முறை ரீஸ்டார்ட் செய்து, பிறகு டாக்கை மாட்டுங்கள். இந்த வரிசையை மதித்தவர்களுக்கு நான் இரண்டாவது முறை போக வேண்டியிருந்தது அபூர்வம்.

டாக்கின் நெட்வொர்க் அடிக்கடி அறுந்தால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து நெட்வொர்க் அடாப்டர்களைப் பாருங்கள். ஒரு ஜிகாபிட் டாக்குகள் பலவற்றில் உள்ளே இருப்பது ரியல்டெக் சிப். அதன் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைக்கலாம் என்ற குறியை எடுத்துவிடுங்கள். பவர் ஆப்ஷன்ஸில், பயன்படாத யூஎஸ்பி சாதனத்தைத் தூங்கவைக்கும் யூஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டையும் நிறுத்துங்கள். லேப்டாப் தூங்கி எழுந்தபின் கீபோர்டு, மவுஸ் வராத தொல்லைக்கும் இதுவே பலமுறை மருந்தாகியிருக்கிறது. எழுந்தபின் மானிட்டர் மட்டும் கருப்பாக இருந்தால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிஃப்ட், பி (B) ஆகிய நான்கு விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். கிராஃபிக்ஸ் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலை அப்படியே இருக்கும்.

4கே மானிட்டரில் மவுஸ் அம்பு தத்தித் தத்திப் போகிறது என்ற புகார் எனக்கு மாதம் ஒன்றாவது வரும். காரணம் பெரும்பாலும் கேபிளுக்குள் இருக்கும் இடப் பங்கீடு. யூஎஸ்பி-சி கேபிளில் வேகமான பாதைகள் நான்கு. டாக் வேகமான யூஎஸ்பி 3 டேட்டாவையும் கொண்டுபோக வேண்டுமென்றால், இரண்டு பாதையை அதற்குக் கொடுத்துவிட்டு, மிச்சம் இரண்டில்தான் படத்தை அனுப்பும். டிஸ்ப்ளேபோர்ட் 1.2 வேகத்தில் இரண்டு பாதைக்குப் பயன்படும் அளவு 8.64 ஜிகாபிட். 4கே படத்தை நொடிக்கு 60 முறை புதுப்பிக்க 12 ஜிகாபிட்டாவது வேண்டும். போதாததால் கணினி 30 ஹெர்ட்ஸுக்கு, அதாவது நொடிக்கு 30 முறைக்கு, இறங்கிவிடுகிறது. லேப்டாப்பும் டாக்கும் டிஸ்ப்ளேபோர்ட் 1.4-இன் முழு வேகத்தை ஏற்றால், அதே இரண்டு பாதையில் 12.96 ஜிகாபிட் கிடைத்து 60 ஹெர்ட்ஸ் வந்துவிடும். யூஎஸ்பி-சி உள்ள மானிட்டரில் நேராக மாட்டுகிறவர்கள், அதன் மெனுவில் யூஎஸ்பி 2.0 என்ற தேர்வு இருக்கிறதா பாருங்கள். அதைப் போட்டால் நான்கு பாதையும் படத்துக்கு வந்துவிடும், டேட்டா வேகம் மட்டும் குறையும். எந்த டிரைவரை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது.

மேக்கில் நிலைமை கொஞ்சம் வேறு. எம்1, எம்2 அடிப்படை சிப் உள்ள மேக்புக்குகள் தாமாக ஒரு வெளி மானிட்டரைத்தான் ஏற்கும். விண்டோஸில் ஒரே கேபிளில் இரண்டு படம் காட்டும் எம்எஸ்டி டாக், மேக்ஓஎஸ்ஸில் இரண்டு மானிட்டரிலும் ஒரே படத்தையே காட்டும். இரண்டாவது மானிட்டர் கட்டாயம் வேண்டுமென்றால் டிஸ்ப்ளேலிங்க் டாக் உதவும். டிஸ்ப்ளேலிங்க் மேனேஜரைப் போட்டபின் செட்டிங்ஸில் ஸ்கிரீன் ரெக்கார்டிங் அனுமதி கொடுக்க மறந்துவிடாதீர்கள், அது இல்லாமல் படம் வராது. காப்புரிமைப் பாதுகாப்புள்ள படங்கள் அந்த மானிட்டரில் கருப்பாகத் தெரியும் என்பதையும் முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். லினக்ஸில் டிஸ்ப்ளேலிங்க்குக்கு இவிடிஐ என்ற கெர்னல் மாட்யூல், அதாவது லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலோடு சேரும் துண்டு, தேவை. கெர்னல் அப்டேட் ஆன மறுநாள் படம் போனால், அந்த மாட்யூல் புதுக் கெர்னலுக்கு உருவாகவில்லை, அல்லது கையொப்பமில்லாத மென்பொருளைத் தடுக்கும் செக்யூர் பூட் அதை ஏற்கவில்லை.

டாக்குக்குப் பக்கத்தில் வயர்லெஸ் மவுஸ் ரிசீவரைச் செருகி, மவுஸ் தள்ளாடினால் மவுஸைக் குறை சொல்லாதீர்கள். யூஎஸ்பி 3.0 கேபிளும் சாதனமும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் எழுப்புகின்றன, இன்டெல் 2012-லேயே இதை அளந்து வெளியிட்டது. ரிசீவரை ஒரு சின்ன எக்ஸ்டென்ஷன் கேபிளில் தள்ளி வையுங்கள், வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

கடைசியாக, என்னை மிகவும் அலைக்கழித்த பழுது. ஓர் அக்கா எழுந்து நிற்கும்போதெல்லாம் அவருடைய இரண்டு மானிட்டரும் இரண்டு விநாடி அணைந்து எரியும். டிரைவர், ஃபர்ம்வேர், டாக், கேபிள் எல்லாவற்றையும் வரிசையாக மாற்றினேன். ஒரு மாதம் போனது. ஒருநாள் பக்கத்து மேசைக்காரர் அவருடைய நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தபோதும் மானிட்டர் அணைந்தது. அப்போதுதான் நாற்காலியைப் பார்த்தேன். கேஸ் லிஃப்ட் (வாயு அழுத்தத்தில் உயரத்தை மாற்றும் தண்டு) உள்ள நாற்காலியிலிருந்து எழும்போது மின்காந்தத் துடிப்பு கிளம்பி மானிட்டர் கேபிளில் ஏறிவிடும் என்று டிஸ்ப்ளேலிங்க்கின் ஆதரவுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். நல்ல கவசமுள்ள குட்டையான மானிட்டர் கேபிள்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் மின் இரைச்சலைத் தடுக்கும் ஒரு ஃபெர்ரைட் வளையம் மாட்டி, டாக்கை மேசையின் எதிர்ப்பக்கத்துக்குத் தள்ளி வைத்தேன். அன்றிலிருந்து அந்த மேசையின் பெயர் என் நோட்டில் வரவில்லை.