எம்.எஸ். உள்ளவரின் கையை அளப்பது எப்படி

மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது மூளையிலும் முள்ளந்தண்டிலும் நரம்பின் மேலுறையான மைலின் கழலும் நோய், என்றதும் எல்லாருடைய கண்ணும் காலுக்கே போகிறது. இந்த நோயாளியின் இயலாமையை 0 முதல் 10 வரை அளக்கப் பரவலாகப் பயன்படும் ஈ.டி.எஸ்.எஸ். அளவுகோல்கூட நான்கு புள்ளியைத் தாண்டியதும் பெரும்பாலும் நடையை வைத்தே எண் கொடுக்கிறது. நடக்க முடியாமல் போனவருக்கோ, தானே சோறு பிசைந்து உண்ணும் கைதான் மிச்சமிருக்கிற சுதந்திரம். அந்தக் கை தளர்வதை முன்கூட்டியே பிடிக்க வேண்டும்.

அதற்கு ஒன்பது குழிப் பலகை போதும். குச்சிகள் 9, ஒவ்வொன்றும் 3.2 செ.மீ. நீளம், 6.4 மி.மீ. தடிப்பு. பிளாஸ்டிக் பலகையே நல்லது. மரத்தில் செய்வித்தால் மாரிமழைக் காலத்தில் குழி ஊதி, குச்சி இறுகும். நோய் கூடியதுபோல நேரம் நீளும்.

நோயாளியைக் கதிரையில் நிமிர்ந்து இருத்தி, பலகையை நெஞ்சுக்கு நேரே மேசையில் வையுங்கள். குச்சிக் கிண்ணம் சோதிக்கும் கையின் பக்கம் இருக்கட்டும். பலகை நகராமல் மற்றக் கையால் பிடிக்கலாம். கண்ணாடி போடுபவர் கட்டாயம் போட்டிருக்க வேண்டும், எம்.எஸ். கண் நரம்பையும் தாக்கும் நோய்.

“அம்மா, ஒரு நேரத்தில ஒரு குச்சிதான். ஒன்பதையும் குழியில வச்சிட்டு, நிறுத்தாம ஒவ்வொண்டாத் திருப்பி எடுத்துக் கிண்ணத்தில போடுங்க. ஏலுமான அளவு கெதியாச் செய்யுங்க.” ஒவ்வொரு முறையும் இதே சொற்கள்தான். முதல் குச்சியில் விரல் பட்டதும் நேரம் தொடங்கும். கடைசிக் குச்சி கிண்ணத்தில் விழுந்ததும் முடியும். பழக்கமான கையால் 2 தடவை, பிறகு மற்றக் கையால் 2 தடவை. ஒவ்வொரு கைக்கும் சராசரியைத் தனித்தனியே எழுதுங்கள். 300 செக்கனுக்குள் முடியாவிட்டால் நிறுத்தி, “முடியவில்லை” என்று காரணத்தோடு குறியுங்கள். குச்சி நிலத்தில் விழுந்தால் நேரத்தை நிறுத்தாமல் நீங்களே எடுத்துக் கிண்ணத்தில் போடுங்கள்.

நோயில்லாத பெரியவர்கள் ஏறத்தாழ 20 செக்கனில் முடிப்பார்கள். ஆனால் ஊராரோடு ஒப்பிடுவதைவிட, அவரது பழைய எண்ணோடு ஒப்பிடுவதே பயன் தரும். 20 சதவீத மாற்றம் பொருட்படுத்த வேண்டியது: 25 செக்கன் 30 ஆனால் கவனியுங்கள்.

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அளவைக் குழப்பும் பெரிய காரணம் வெக்கை. உடல் சூடானால், மைலின் கழன்ற நரம்பில் செய்தி தடைப்படும். குளிர்ந்ததும் பெரும்பாலும் சீராகும். கச்சான் காற்று வீசும் மாதங்களில், மதிய வெயிலில் பஸ்ஸில் வந்து இறங்கியவரை உடனே சோதித்தால் கிடைப்பது வெயிலின் அளவுதான். மின்விசிறியின் கீழ் அரை மணி நேரம் இருத்தி, தண்ணீர் கொடுங்கள். முடிந்தால் எப்போதும் காலையிலேயே அளவுங்கள். நேரத்தையும் அறை வெப்பநிலையையும் குறியுங்கள். காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தால் அது மாறிய பின் மீண்டும் அளவுங்கள்.

செக்கன் மட்டும் காரணத்தைச் சொல்லாது. குழியை நெருங்கும்போது கை ஆடினால் நடுக்கம். குச்சி விரலில் இருப்பதே தெரியாமல் நழுவினால் உணர்வுக் குறைவு: கண்ணை மூடச் சொல்லி, கையில் சாவியையும் நாணயத்தையும் கொடுத்து எது எது என்று கேளுங்கள். பிடி தளர்ந்தால், பிடியின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டரில் முழங்கையை 90 பாகையில் மடித்து மூன்று தடவை அளந்து சராசரி எடுங்கள்.

வீட்டு வேலையில் கை எப்படி என்றும் கேளுங்கள்: இடியப்ப உரலை அழுத்துவது, தேங்காய் துருவுவது, சாரம் கட்டுவது, பொத்தான் பூட்டுவது. மருதமுனையில் தறியில் இருப்பவரிடம், அறுந்த நூலை முடிச்சுப் போட எவ்வளவு நேரமாகிறது என்று கேளுங்கள். பலகையில் எண் மாறுமுன்னே அவர் அதைச் சொல்லிவிடக்கூடும்.